பால்கட்டு என்று விட்டுவிடலாமா?
கர்ப்ப காலத்து மார்பகப் புற்றுநோய்: சில விளக்கங்கள்

நம்மூர்ப் பெண்களின் பேச்சில் ‘பால்கட்டு’ என்றொரு சொல் இருக்கிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும், பிள்ளை பால் குடிக்கும் காலத்திலும் மார்பில் எது திரண்டாலும், கல்லுப்போல எது தட்டுப்பட்டாலும் அதற்கு இந்தப் பெயர்தான். பெரும்பாலும் அந்தப் பெயர் பிழைப்பதில்லை. கர்ப்பிணிகளின் மார்பில் தோன்றி, பயொப்ஸி எனப்படும் சதைப் பரிசோதனை வரை போகிற கட்டிகளிலேயே ஏறத்தாழ 80 வீதமானவை தீங்கற்றவை என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. மிச்சமிருக்கும் சிறிய பங்கைப் பற்றியதே இந்தக் கட்டுரை. அந்தச் சிறிய பங்கில் ஒரு தாயின் உயிர் இருக்கிறது. அவள் வளர்க்க வேண்டிய பிள்ளைகளின் வாழ்வும் இருக்கிறது.

நான் வைத்தியம் படித்தவளல்ல. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, வன்னியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறவள். எங்கள் பகுதிப் பெண்ணொருவரின் பரிசோதனை அறிக்கையைக் குடும்பத்தார் என்னிடம் கொண்டுவந்து, “டீச்சர், இங்கிலீசில இருக்கு, என்ன போட்டிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டார்கள். சொற்களை வாசித்துவிடலாம். அவற்றின் பொருளை விளங்கிக்கொள்ளத்தான் வைத்தியர்களிடம் கேட்கவும் நூல்களைத் தேடிப் படிக்கவும் வேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்ததை நம் சமூகத்துப் பெண்களுக்கும், அவர்களைவிட அதிகமாக அவர்களின் கணவன்மாருக்கும் உம்மாமாருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

நோயும் அதன் கணக்கும்

கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்தின் ‘கென்சர்’ அந்த வழியில் வந்தது. அரபியில் ‘ஸரத்தான்’ என்றாலும் நண்டுதான். தமிழில் நாம் கறையான் புற்றை நினைத்துப் பெயர் வைத்தோம். எந்தப் பெயரில் சொன்னாலும் விஷயம் ஒன்று: உடம்பின் கலங்கள் கட்டுப்பாடு மீறிப் பெருகி, பக்கத்துச் சதைக்குள் புகுந்து, பிறகு இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் வேறு உறுப்புகளுக்குப் போவது.

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. கர்ப்பமாயிருக்கும்போது, அல்லது பிரசவித்து ஒரு வருடத்துக்குள் கண்டுபிடிக்கப்படுவதை ‘கர்ப்பத்தோடு தொடர்புடைய மார்பகப் புற்றுநோய்’ என்று வைத்தியர்கள் தனியாக வகுக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ஐந்து வருடம் வரை இந்த வகுப்பை நீட்டுகிறவர்களும் உண்டு. உலகக் கணக்கில், ஏறத்தாழ 3000 முதல் 10,000 வரையான கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் இது ஏற்படுகிறது. பெரும்பாலும் முப்பதுகளில் இருக்கும் தாய்மாரே இதற்கு ஆளாகிறார்கள்.

பிள்ளை பெறுவதால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. நீண்ட காலக் கணக்கில் பிள்ளைப்பேறும் பாலூட்டலும் பாதுகாப்புத் தருபவை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002ல் வெளியான ஆய்வொன்று, ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 4.3 வீதம் குறைவதாகக் கண்டது. ஆனால் பிரசவத்துக்குப் பின் சில வருடங்களுக்கு மாத்திரம் ஆபத்து சற்றுக் கூடி, பிறகுதான் குறையத் தொடங்குகிறது. அந்த இடைக்காலத்தில்தான் கவனம் வேண்டும்.

ஏன் பிந்திப் பிடிபடுகிறது?

கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே மார்பு மாறத் தொடங்குகிறது. பால் சுரப்பிகள் பெருகுகின்றன. இரத்த ஓட்டம் கூடுகிறது. மார்பு கனத்து, இறுகி, தொட்டால் கட்டிகட்டியாகத் தெரிகிறது. இதற்குள் ஒரு சிறு கட்டி ஒளிந்துகொள்வது லேசு. பிரசவத்துக்குப் பிறகு பால் தேங்குவதாலும், சீழ்க்கட்டு வருவதாலும் குழப்பம் இன்னும் கூடுகிறது. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் அநேகமாக நோவதில்லை. நோகாத ஒன்றை யார் பெரிதாக எடுப்பார்கள்?

அறிக்கையை என்னிடம் கொண்டுவந்த குடும்பத்தில் நடந்ததும் இதுதான். அது அவருக்கு இரண்டாவது பிள்ளை. நான்காம் மாதமளவில் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. “மூத்தவனுக்கும் இப்பிடித்தான் இருந்திச்சு, பால் இறங்கினாச் சரியாயிடும்” என்று மாமியார் ஆறுதல் சொன்னார். ஒத்தடம் கொடுத்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஏழாம் மாதத்தில் பிரசவத்துக்காகப் புத்தளத்திலுள்ள உம்மா வீட்டுக்குப் போனார். அங்கே உடுப்பு மாற்றும்போது ராத்தாவின் கண்ணில் மார்புத் தோல் உள்ளே இழுபட்டிருப்பது பட்டிருக்கிறது. அதன் பிறகுதான் ஸ்கேன், பயொப்ஸி எல்லாம். இடையில் மூன்று மாதம் போய்விட்டது. அவர்கள் யாரும் அன்பில்லாதவர்களோ கவனமில்லாதவர்களோ அல்லர். ‘பால்கட்டு’ என்ற சொல் கையில் இருந்ததால் வேறு காரணம் தேடத் தோன்றவில்லை.

அறிக்கையில் என்ன இருந்தது?

பயொப்ஸி அறிக்கையில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவை விளங்கினால் கட்டியின் குணம் விளங்கும்.

முதலாவது, வகை. கர்ப்ப காலத்தில் காணப்படுபவற்றில் பெரும்பாலானவை பால் குழாயின் உட்சுவரில் தொடங்கி வெளியே பரவும் வகை. மற்றப் பெண்களிலும் அதிகம் காணப்படுவது இதே வகைதான்.

இரண்டாவது, தரம். அறிக்கையில் ‘கிரேட்’ என்று 1, 2, 3 என எழுதியிருக்கும். கட்டியின் கலங்கள் இயல்பான கலங்களிலிருந்து எவ்வளவு தூரம் மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதை இது காட்டும். கர்ப்ப காலத்துக் கட்டிகள் அதிகமும் 3ஆம் தரத்தவை, வேகமானவை. இதையும் ‘ஸ்டேஜ்’ எனப்படும் நிலையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தரம் என்பது கட்டியின் சுபாவம். நிலை என்பது அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. “கிரேட் மூண்டாம்” என்று கேட்டதும் “மூண்டாம் ஸ்டேஜாம்” என்று அழத் தொடங்கிய வீடுகள் உண்டு. இரண்டும் வேறு.

மூன்றாவது, அளவும் கமக்கட்டு நெறியும். கர்ப்பிணிகளில் கண்டுபிடிக்கப்படும்போது கட்டி பெரிதாக இருப்பதும், கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு நோய் போயிருப்பதும் மற்றவர்களைவிட அதிகம். இதில் பெரும் பங்கு தாமதத்துக்குரியது.

நான்காவது, ஏற்பிகள். இதை விளக்க நம் வன்னிக் குளத்தையும் வயலையும் எடுத்துக்கொள்கிறேன். சில கட்டிகள் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் என்னும் பெண் ஹோர்மோன்களைக் குடித்து வளர்பவை. குளத்து வாய்க்காலில் நீர் பாயும் வயல் மாதிரி. அவற்றின் கலங்களில் அந்த ஹோர்மோன்களை ஏற்கும் மடைகள் இருக்கின்றன. அந்த மடையை அடைக்கும் மருந்து தமொக்சிபென். வேறு சில கட்டிகளில் இந்த மடைகளே இல்லை. மானாவாரியில் முளைக்கும் களைபோல அவை தாமாக வளர்கின்றன. மடையில்லாத இடத்தில் மடையடைக்கும் மருந்தால் பயனில்லை. இன்னொரு வகையில் ‘ஹேர்-2’ என்னும் புரதம் அளவுக்கு மீறி இருக்கும். அதற்கெனத் தனி மருந்து உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன், ஹேர்-2 மூன்றுமே இல்லாவிட்டால் ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ என்பார்கள். கர்ப்ப காலத்துக் கட்டிகளில் ஹோர்மோன் ஏற்பி இல்லாதவையும், ஹேர்-2 மிகுந்தவையும், ட்ரிப்பிள் நெகட்டிவும் கூடுதலாகக் காணப்படுகின்றன.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. கர்ப்பத்தில் உடம்பெங்கும் ஹோர்மோன் பெருகி ஓடுகிறது. அப்படியிருக்க, ஹோர்மோனைக் குடிக்காத கட்டிகள் ஏன் அதிகம்? பழைய சோதனை முறைகளில் இதற்கு ஒரு பகுதி விடை உண்டு. ஏற்பிகள் எல்லாம் ஹோர்மோனால் நிரம்பியிருந்ததால், சோதனையில் ‘இல்லை’ என்று பிழையாக வந்துவிடும். இன்று கலங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் முறையில் அந்தப் பிழை நீங்கிவிட்டது. ஆனாலும் வேறுபாடு மிஞ்சுகிறது. மிஞ்சியதற்கு முக்கிய காரணம் வயது. கர்ப்பமில்லாத இளம்பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயும் இப்படித்தான்: வேகமானது, ஏற்பி குறைந்தது. அறுபது வயதுப் பெண்ணின் கட்டியோடு ஒப்பிட்டால் கர்ப்பிணியின் கட்டி மிகக் கொடியதாகத் தெரியும். அவளுடைய வயதுப் பெண்ணின் கட்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிடும்.

பழைய தீர்ப்பும் புதிய கணக்கும்

கர்ப்பம் புற்றுநோய்க்குத் தீனி போடுகிறது என்ற நம்பிக்கை வைத்தியர்களிடமே நீண்ட காலம் இருந்தது. 1880ல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் சாமுவேல் குரொஸ், கர்ப்பிணிகளில் இந்நோய் மிக விரைந்து கொல்லும் என்று எழுதினார். 1943ல் ஹாகென்சன், ஸ்டவுட் என்ற இருவர், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கண்டால் சத்திரசிகிச்சை செய்து பயனில்லை என்ற முடிவைச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பால் எத்தனையோ பெண்கள் வைத்தியமின்றியே கைவிடப்பட்டிருப்பார்கள். பிற்காலத்தில் ஹாகென்சன் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

2013ல் பெல்ஜியத்தின் பிரெடெரிக் அமாண்ட் தலைமையிலான குழு, கர்ப்ப காலத்தில் நோய் கண்ட 311 பெண்களைக் கர்ப்பமில்லாத நோயாளிகளோடு ஒப்பிட்டது. வயது, நோயின் நிலை, கட்டியின் தரம் ஆகியவற்றைச் சமப்படுத்திப் பார்த்தபோது, உயிர்வாழும் காலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. உரிய நேரத்தில் உரிய சிகிச்சை பெற்றால் கர்ப்பம் என்ற ஒன்று மாத்திரம் விதியை மாற்றுவதில்லை என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

பிரசவத்துக்குப் பிறகு காணப்படும் நோய் சற்றுக் கடுமையானது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பால் வற்றும்போது மார்பு பழைய அளவுக்குத் திரும்புகிறது. அப்போது அதற்குள் நடப்பது, காயம் ஆறும்போது நடப்பதை ஒத்தது. அழற்சிக் கலங்கள் வந்து சேர்கின்றன, திசு கலைந்து மறுபடி கட்டப்படுகிறது. அந்தச் சூழல் புற்றுக் கலங்கள் பரவ வழிவிடுகிறது என்பது அமெரிக்க ஆய்வாளர் பெப்பர் ஷெடினும் அவரைச் சேர்ந்தவர்களும் முன்வைத்த விளக்கம். ஆகவே பிள்ளைக்குப் பால் மறக்கடித்த பிறகும் மறையாத கட்டியை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

“வயித்தில பிள்ளை இருக்கு, இப்ப ஒண்டும் செய்ய ஏலாது, பெத்தெடுத்த பிறகு பாப்பம்” என்பது நம்மிடையே பரவலாக உள்ள எண்ணம். இது சரியல்ல.

மார்பு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சே இல்லை. முதல் பரிசோதனை அதுதான். தேவைப்பட்டால் வயிற்றை மறைத்து மெமோகிராம் எடுக்கலாம். குழந்தையைச் சென்றடையும் கதிர் மிக மிகக் குறைவு. கட்டியிலிருந்து தடித்த ஊசியால் சதை எடுக்கும் பயொப்ஸியை எந்த மாதத்திலும் செய்யலாம். மெல்லிய ஊசியால் கலம் மாத்திரம் எடுத்துப் பார்த்தால், கர்ப்பத்தின் இயல்பான மாற்றங்களே குழப்பிவிடக்கூடும். அதனால் தடித்த ஊசிதான் நம்பகமானது. பரிசோதனைக் கடிதத்தில் ‘கர்ப்பிணி’ அல்லது ‘பாலூட்டும் தாய்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

சிகிச்சையும் அப்படித்தான், மாதத்தைப் பார்த்து ஒழுங்கு செய்யப்படும். சத்திரசிகிச்சை கர்ப்பத்தின் எந்தக் காலத்திலும் செய்யக்கூடியது. கீமோ மருந்து, உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் கொடுக்கப்படுவதில்லை. ஏறத்தாழ 14ஆம் வாரத்துக்குப் பிறகு குறிப்பிட்ட சில மருந்துகளைக் கொடுக்கலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தில் 1989 முதல் இந்த முறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டு, முடிவுகள் பதிவுசெய்யப்பட்டன. 35ஆம் வாரமளவில் கீமோவை நிறுத்திவிடுவார்கள். பிரசவ நேரத்தில் தாயின் இரத்தக் கலங்கள் தேறியிருக்க மூன்று வாரமாவது வேண்டும். கதிர்ச்சிகிச்சை, தமொக்சிபென், ஹேர்-2க்கான டிரஸ்டுசுமப் ஆகிய மூன்றும் பிரசவத்துக்குப் பிறகுதான். தமொக்சிபெனால் சிசுவில் குறைபாடுகள் ஏற்படலாம். டிரஸ்டுசுமப் பனிக்குட நீரைக் குறைத்துவிடும்.

பிள்ளைக்கு என்ன ஆகும்? அதே அமாண்ட் குழு 2015ல் வெளியிட்ட ஆய்வில், தாயின் வயிற்றில் இருக்கும்போது தாய்க்குப் புற்றுநோய் கண்ட 129 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டார்கள். அவர்களில் 96 பேரின் தாய்மார் கர்ப்பத்திலேயே கீமோ பெற்றவர்கள். அறிவு வளர்ச்சியிலும் இதயத்தின் செயற்பாட்டிலும் பொது வளர்ச்சியிலும் மற்றப் பிள்ளைகளிலிருந்து அவர்கள் குறைந்திருக்கவில்லை. அறிவு வளர்ச்சியைப் பாதித்தது குறைமாதப் பிறப்பு. ஆகையால் சிகிச்சைக்கு அவசரப்பட்டுப் பிள்ளையை மிக முந்திப் பிறப்பிப்பதைத் தவிர்க்கவே இன்று வைத்தியர்கள் முயல்கிறார்கள்.

மேலே சொன்ன பெண்ணுக்கு 31ஆம் வாரத்திலும் 34ஆம் வாரத்திலும் கீமோ கொடுக்கப்பட்டது. 37 வாரம் கடந்து பிள்ளை பிறந்தது. மிகுதிச் சிகிச்சைகள் பிறகு நடந்தன. பிள்ளை இப்போது ஓடித் திரிகிறான். உம்மா இன்னும் கிளினிக்குக்குப் போய்வருகிறார்.

மார்க்கமும் சட்டமும்

இந்நோய் கண்ட வீட்டில் முதலில் எழும் கேள்விகளில் ஒன்று கருவைக் கலைப்பது பற்றியது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தைத் தவிர வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. நம் மார்க்க அறிஞர்கள், ரூஹ் ஊதப்படும் 120 நாளை ஒரு முக்கிய எல்லையாகக் கொள்கிறார்கள். அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து இருந்தாலன்றிக் கலைப்பதற்கு இடமில்லை. வைத்தியர்கள் வாரத்தைக் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறார்கள். 120 நாள் கருத்தரித்த நாளிலிருந்து. ஆகவே அது வைத்தியர் கணக்கில் ஏறத்தாழ 19ஆம் வாரம். ஆலிமிடம் கேட்கும்போதும் வைத்தியரிடம் கேட்கும்போதும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அநேகமான வீடுகளில் இந்தக் கேள்வி எழ வேண்டியதே இல்லை. கருவைக் கலைப்பதால் மார்பகப் புற்றுநோயின் போக்கு நலமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. முதல் மூன்று மாதத்திலேயே பரவிய நோய் கண்டு, கீமோவைப் பிற்போடவே முடியாத நிலை வந்தால் மாத்திரம் வைத்தியரும் ஆலிமும் குடும்பமும் கூடிப் பேச வேண்டிவரும். மற்றப்படி, தாயா பிள்ளையா என்று யாரையும் தெரிவு செய்யச் சொல்லும் நோய் அல்ல இது.

கீமோவோ தமொக்சிபெனோ பெறும் தாய் பாலூட்டக் கூடாது. மருந்து பாலில் கலக்கும். இதனால் மனம் உடையும் தாய்மார் உண்டு. வேறொரு பெண் பால் கொடுப்பதை நம் மார்க்கம் ஆகுமாக்கியிருக்கிறது. அப்படிக் கொடுத்தால் பால்குடி உறவு உண்டாகி, திருமண விலக்கு ஏற்படும் என்பதைக் குடும்பத்தார் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பால்மாவும் குற்றமில்லை.

வெட்கம் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் வைத்தியர் இருந்தால் அவரிடம் காட்டுவதே முறை. இல்லாத இடத்தில், தேவைக்கேற்ற அளவில் ஆண் வைத்தியர் பார்ப்பதற்கு ழரூரத் என்ற அடிப்படையில் அறிஞர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். துஆவும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஓதிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஸ்கேனுக்கும் போகலாம்.

வன்னியில் நம் நிலை

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பிறகு தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, சாலம்பைக்குளம் முதலிய ஊர்களுக்குத் திரும்பிய நம் குடும்பங்களில் பலவற்றுக்கு இன்றும் இரண்டு வீடுகள்: இங்கொன்று, புத்தளத்தில் ஒன்று. பிள்ளைப்பேற்றுக்கு உம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அதனால் ஒரு கர்ப்பிணி ஆறு மாதம் ஒரு கிளினிக்கிலும் மிச்சக் காலம் இன்னொரு கிளினிக்கிலும் காட்டுகிறார். இங்கே வாயால் சொன்னது அங்கே போய்ச் சேராது. எழுதினது மாத்திரமே சேரும்.

தூரம் இன்னொரு தடை. முள்ளியவளையிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். மஹரகம இன்னும் எட்ட. பெண்களுக்காக 1996ல் தொடங்கப்பட்ட ‘வெல் வுமன்’ கிளினிக்குகளில் மார்புப் பரிசோதனை உண்டு. ஆனால் அவை முதன்மையாக 35 வயதை அடைந்தவர்களை நோக்கியவை. இருபதுகளில் இருக்கும் தாய்க்குக் கர்ப்பிணி கிளினிக்கும், வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸியுமே வாய்ப்பு. அந்த மிஸ்ஸி ஒரு பெண்; நம் வாசலுக்கே வருகிறவர். வெட்கத்துக்கும் தூரத்துக்கும் அவரே முதல் மருந்து.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. கர்ப்பம் உறுதியானதும், மார்பு பெருப்பதற்கு முன்பே, கண்ணாடி முன் நின்று இரு மார்பையும் கமக்கட்டையும் பார்த்துத் தடவி அறிந்துகொள்ளுங்கள். பிறகு மாதம் ஒருமுறை. கட்டி ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் அதே இடத்தில் இருந்தால், தோல் இழுபட்டால், முலைக்காம்பு புதிதாக உள்வாங்கினால், இரத்தம் கசிந்தால் மிஸ்ஸியிடம் காட்டுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் மார்பு சிவந்து வீங்கி, மருந்து குடித்தும் ஆறாவிட்டால், அல்லது பிள்ளை ஒரு பக்கத்தை மாத்திரம் தொடர்ந்து மறுத்தால், அதையும் சொல்லுங்கள். “பால்கட்டாக இருக்கும்” என்று யாராவது சொன்னால், ஸ்கேன் எடுத்து அதை உறுதிப்படுத்தித் தரும்படி கேளுங்கள். எந்தப் பக்கம், எந்த இடம், எவ்வளவு பெரிது, என்றைக்குக் கண்டது என்பதைக் கர்ப்பிணி அட்டையில் எழுதிவிக்காமல் கிளினிக்கிலிருந்து எழும்பாதீர்கள். புத்தளத்துக்குப் போகும்போது உடுப்புப் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது அந்த அட்டை.